மார்பக உயர்த்தல் அறுவை சிகிச்சை: செலவும் வழிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எவ்வளவு ஆகும்?" பிரெஸ்ட் லிஃப்ட் பற்றி விசாரிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால், அது எதற்கான தொகை என்றே தெரியாமல் போகும். தொய்வு எவ்வளவோ அதற்கேற்ற வெட்டு, வெட்டுக்கேற்ற நேரம், நேரத்துக்கேற்ற பில். அதனால் இந்தப் பக்கம் உடம்பிலிருந்து தொடங்கி பில்லுக்கு வருகிறது. அவசரமாக இருப்பவர்கள் நடுவிலிருந்து படிக்கலாம். ஆனால் மேலே உள்ளதைப் படித்துவிட்டு வந்தால் கீழே உள்ளது இன்னும் நன்றாகப் புரியும்.

இந்த அறுவையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

நீண்டு தளர்ந்துபோன தோலை வெட்டி எடுக்கிறார்கள். உள்ளே இருக்கும் திசுவை மேலே ஏற்றி, உருவம் கொடுத்து, தையலால் நிறுத்துகிறார்கள். காம்பை உயரமான இடத்துக்கு நகர்த்துகிறார்கள். காம்பைச் சுற்றிய கருவட்டம் விரிந்திருந்தால் அதையும் சிறிதாக்குகிறார்கள். மருத்துவர்கள் இதை மாஸ்டோபெக்ஸி என்பார்கள்.

காம்பைக் கழற்றி வேறு இடத்தில் ஒட்டுவார்களோ என்று பலருக்கு பயம் உண்டு. லிஃப்டில் அப்படிச் செய்வதில்லை. காம்புக்கு இரத்தமும் உணர்வும் கொண்டுவரும் திசுவோடு சேர்த்தே அதை நகர்த்துகிறார்கள். கழற்றி ஒட்டுவது, மிகப் பெரிய மார்பகங்களைக் குறைக்கும் சில அறுவைகளில் மட்டும்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் மார்பகத்தைப் பெரிதாக்காது. உள்ளதை இடம் மாற்றி வைக்கும், அவ்வளவுதான். அறுவைக்குப் பிறகு ஒரு சுற்று சிறியதாகத் தெரிவதும் உண்டு.

தொய்வு ஏன் வருகிறது? தாய்ப்பால் கொடுத்ததாலா?

பழி முழுக்கத் தாய்ப்பால் மேல் விழுகிறது, பாவம். மார்பகத்தில் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பியும்தான். அவற்றைத் தாங்குவது தோலும், உள்ளே ஊடுருவி ஓடும் மெல்லிய இழைகளும். 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் அவற்றைக் கூப்பர் இழைகள் என்கிறார்கள். தோலும் இழையும் ஒருமுறை இழுபட்டு நீண்டால் பழையபடி சுருங்குவதில்லை.

கர்ப்ப காலத்தில் மார்பகம் பெருத்து, பிறகு வடியும்போது அந்த இழுபடல் நடக்கிறது. பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது நடக்கும். 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உடல் எடை, கர்ப்பத்துக்கு முன் இருந்த மார்பக அளவு, புகைப்பழக்கம் ஆகியவற்றைத் தொய்வோடு தொடர்புபடுத்தியது. தாய்ப்பால் கொடுத்ததற்கும் தொய்வுக்கும் தனித் தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. பெரிய அளவில் எடை குறைத்தவர்களுக்கும் இதே கதைதான்: உள்ளே இருந்தது போய்விட்டது, உறை மட்டும் நின்றுவிட்டது.

என் தொய்வு எந்த அளவில் இருக்கிறது என்று நானே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். கண்ணாடி முன் பிரா இல்லாமல் நேராக நில்லுங்கள். மார்பகம் மார்போடு சேரும் அடி மடிப்புதான் அளவுகோல். காம்பு அந்த மடிப்புக்கு எதிரே எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

காம்பு மடிப்பின் மட்டத்திலோ ஒரு சென்டிமீட்டர் கீழேயோ இருந்தால் முதல் நிலை. ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்கி, ஆனாலும் மார்பகத்தின் அடிப்பகுதிக்கு மேலே இருந்தால் இரண்டாம் நிலை. மூன்று சென்டிமீட்டருக்கும் கீழே போய், காம்பு தரையைப் பார்த்தால் மூன்றாம் நிலை. 1976-இல் ரெனோ என்ற மருத்துவர் வகுத்த இந்தப் பிரிவைத்தான் இன்றும் பெரும்பாலோர் கையாளுகிறார்கள்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று உண்டு. காம்பு மடிப்புக்கு மேலேயே இருக்கும். ஆனால் மார்பகத்தின் கீழ்ப்பாதி மட்டும் தொங்கும், மேல்பாதி காலியாக இருக்கும். இதைப் போலித் தொய்வு என்கிறார்கள். இவர்களில் சிலருக்குக் காம்பை நகர்த்தவே வேண்டியதில்லை. லிஃப்ட் செய்யலாம் என்று போனவரிடம் "உங்களுக்கு அது தேவையில்லை" என்று மருத்துவர் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையில்தான்.

உடற்பயிற்சி, க்ரீம், மசாஜ், லேசர் – இவற்றால் சரியாகாதா?

பயிற்சி மார்பகத்துக்கு அடியில் இருக்கும் தசையை வளர்க்கும். அந்தத் தசை மார்பகத்தைப் பிடித்துத் தூக்குவதில்லை. நிமிர்ந்து நிற்கப் பழகினால் தோற்றத்தில் கொஞ்சம் மாற்றம் தெரியும், அது உண்மை. க்ரீமும் எண்ணெயும் தோலை மென்மையாக வைக்கும். இழுபட்ட தோலைச் சுருக்காது. லேசர், ரேடியோ அலை, நூல் கொண்டு தூக்குவது போன்றவற்றின் பலன் மிகச் சிறியது, நீடிப்பதும் இல்லை. இரண்டாம் மூன்றாம் நிலைத் தொய்வுக்கு அவற்றில் பணம் போடுவது வீண் என்பது என் கருத்து. நல்ல அளவில் தைத்த பிரா அவற்றைவிட எவ்வளவோ மேல்.

வெட்டு எத்தனை வகை? எனக்கு எது?

செலவு பிரிகிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மிகச் சிறியது பிறை வெட்டு. கருவட்டத்தின் மேல் விளிம்பில் பிறைநிலா மாதிரி ஒரு துண்டுத் தோலை எடுப்பது. காம்பு சுமார் ஒரு சென்டிமீட்டர் ஏறும். தனியாகச் செய்வது குறைவு. பெரும்பாலும் இம்ப்ளாண்டோடு (மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் செயற்கைப் பை) சேர்த்துச் செய்வார்கள்.

அடுத்தது கருவட்டத்தைச் சுற்றிய வெட்டு. வட்டமாகத் தோலை எடுத்து, சுருக்குப்பையின் வாயை இழுப்பது போலத் தையலை இழுத்து மூடுவார்கள். 1990-இல் லூயி பெனெல்லி விவரித்த முறை இது. தழும்பு கருவட்டத்தின் ஓரத்திலேயே மறைந்துவிடுவதால் எல்லோருக்கும் இதன்மேல் ஆசை. ஆனால் முதல் நிலைத் தொய்வுக்குத்தான் இது பொருந்தும். அதிகத் தொய்வுக்குச் செய்தால் மார்பகம் தட்டையாகிவிடும், கருவட்டம் நாளடைவில் விரிந்துகொண்டே போகும். தழும்பு குறைவு என்பதற்காகத் தவறான வெட்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு திருத்த அறுவைக்குப் போகிறவர்கள் உண்டு. அப்போது இரண்டு அறுவைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, குச்சி மிட்டாய் வெட்டு. கருவட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம். அங்கிருந்து அடி மடிப்பு வரை நேராக ஒரு கோடு. 1990-களில் பெல்ஜியத்தின் மதலேன் லெஜூர் பரவலாக்கிய முறை. இரண்டாம் நிலைத் தொய்வுக்கு இதுதான் பெரும்பாலும் சரியான தேர்வு. உள்ளே இருக்கும் திசுவைச் சேர்த்துத் தைப்பதால் முன்பக்க எழுச்சி நன்றாக வரும். முதல் சில வாரங்கள் மார்பகம் விசித்திரமாக, மேலே உப்பலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், இறங்கி அமரும்.

நான்காவது, நங்கூர வெட்டு. வட்டம், நேர்கோடு, கூடவே அடி மடிப்போரம் ஒரு கிடைக்கோடு. 1956-இல் ராபர்ட் வைஸ், பிரா தைக்கும் பேட்டர்னைப் பார்த்து இந்த வரைபடத்தை உருவாக்கினார் என்பது சுவாரசியமான விஷயம். மூன்றாம் நிலைத் தொய்வு, பெரிய எடைக் குறைப்புக்குப் பிறகு வரும் அதிகத் தோல் ஆகியவற்றுக்கு இதுதான். தழும்பு அதிகம், நேரம் அதிகம், பில்லும் அதிகம். ஆனால் இது தேவைப்படுகிறவருக்கு வேறு எந்த வெட்டும் இந்தப் பலனைத் தராது.

லிஃப்ட் மட்டும் போதுமா, இம்ப்ளாண்டும் வேண்டுமா?

பிரா போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். பிராவுக்குள் மார்பகம் நிறைந்து, அளவும் உங்களுக்குப் பிடித்திருந்தால், உங்கள் பிரச்சினை இடம் மட்டும்தான். லிஃப்ட் போதும். பிராவின் மேல்பாதி காலியாக இருந்து, அது நிறைய வேண்டும் என்று நினைத்தால்தான் இம்ப்ளாண்டு பற்றிப் பேச வேண்டும்.

இரண்டையும் ஒன்றாகச் செய்வது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். லிஃப்ட் தோலைக் குறைக்கிறது. இம்ப்ளாண்டு அதே தோலை உள்ளிருந்து தள்ளுகிறது. ஒன்றுக்கொன்று எதிரான வேலை. அதனால்தான் சேர்த்துச் செய்வதில் திருத்த அறுவைக்கான வாய்ப்பு அதிகம். சில மருத்துவர்கள் முதலில் லிஃப்டைச் செய்து, சில மாதம் ஆறவிட்டு, பிறகு இம்ப்ளாண்டு வைப்பார்கள். மயக்க மருந்தும் தியேட்டரும் (அறுவை அரங்கு) இரண்டு முறை என்பதால் செலவு கூடும். ஆனால் முதல் கட்டம் முடிந்ததுமே "எனக்கு இதுவே போதும்" என்று நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இம்ப்ளாண்டு ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் அல்ல. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-இல் இம்ப்ளாண்டுகளுக்கு, பெட்டி கட்டி அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் அல்ல என்ற வரியும் அதில் உண்டு. சிலிக்கான் இம்ப்ளாண்டு உள்ளே கசிகிறதா என்று பார்க்க, வைத்த ஐந்தாறு ஆண்டில் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றும் அந்த நிர்வாகம் பரிந்துரைக்கிறது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளாண்டுகளோடு ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புபடுத்தப்பட்டு, 2019-இல் அல்லர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஆக, இம்ப்ளாண்டின் விலை இன்றைய பில்லோடு முடிவதில்லை. ஸ்கேன், மாற்று அறுவை எல்லாம் பின்னால் வரிசையில் நிற்கின்றன.

சிறிதளவு நிறைவு மட்டும் வேண்டுமென்றால், வயிறு அல்லது தொடையிலிருந்து எடுத்த சொந்தக் கொழுப்பை மேல்பாதியில் செலுத்தலாம். செலுத்தியதில் ஒரு பகுதி உடம்பில் கரைந்துவிடும். அதனால் இரண்டாம் முறை தேவைப்படலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டுக்கும் மார்பகக் குறைப்புக்கும் என்ன வித்தியாசம்?

வெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். குறைப்பில் தோலோடு திசுவும் கணிசமாக எடுக்கப்படுகிறது. கழுத்துவலி, தோளில் பிரா பட்டை பதிந்த பள்ளம், மார்பகத்துக்கு அடியில் ஓயாத புண் எல்லாம் இருந்தால் உங்களுக்குத் தேவை குறைப்பாக இருக்கலாம். இந்த வித்தியாசம் காப்பீட்டில் பெரிதாக எதிரொலிக்கும்.

சரி, பில்லில் என்னென்ன இருக்கும்?

முதலில் அறுவை மருத்துவரின் கட்டணம். மருத்துவச் சங்கங்களும் இணையதளங்களும் "சராசரி செலவு" என்று வெளியிடும் தொகை பல நேரம் இது மட்டும்தான். படித்துவிட்டு அந்தத் தொகையோடு போனால் ஏமாற்றம்தான்.

அதற்கு மேல் மயக்கவியல் மருத்துவரின் கட்டணம். இது பெரும்பாலும் நேரக் கணக்கு. பிறகு தியேட்டர் வாடகை, அதுவும் நேரக் கணக்கு. லிஃப்ட் அறுவை சுமார் இரண்டு முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். நங்கூர வெட்டும் இம்ப்ளாண்டும் சேர்ந்தால் இன்னும் நீளும். வெட்டு பெரிதானால் பில் பெரிதாவது இந்த இரண்டு வரிகளால்தான்.

அப்புறம் சின்னச் சின்ன வரிகள். இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, வயதைப் பொறுத்து மம்மோகிராம் (மார்பக எக்ஸ்ரே). இரவு தங்கினால் அறை வாடகை. அறுவைக்குப் பின் போடும் சிறப்பு பிரா, ஒன்று போதாது, துவைத்து மாற்ற இரண்டாவது வேண்டும். வலி மாத்திரை, கட்டுத்துணி, தழும்புக்கு சிலிக்கான் பட்டை. எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அதற்கு ஒரு கட்டணம். இம்ப்ளாண்டு வைத்தால் அதன் விலை தனி.

எந்தப் பில்லிலும் வராதவையும் உண்டு. வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், சமைக்க ஆள், மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போகும் வண்டிச் செலவு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது சிறிய தொகை இல்லை. தூக்கக்கூடாது என்று சொன்னால் குழந்தைக்குப் புரியுமா?

ஒரே அறுவைக்கு இரண்டு இடங்களில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பெரும்பாலும் அது ஒரே அறுவையாக இருக்காது. ஒருவர் வட்ட வெட்டுக்குச் சொன்ன தொகையும் இன்னொருவர் நங்கூர வெட்டுக்குச் சொன்னதும் எப்படி ஒன்றாகும்? அல்லது ஒருவர் எல்லாம் சேர்த்துச் சொல்லியிருப்பார், மற்றவர் தன் கட்டணத்தை மட்டும் சொல்லியிருப்பார். எழுத்தில், வரிவரியாக, வெட்டின் வகையோடு கேளுங்கள். அப்படித் தந்த இரண்டு பில்களைத்தான் ஒப்பிட முடியும்.

அதற்குப் பிறகும் வித்தியாசம் இருந்தால் மருத்துவரின் அனுபவம், ஊர், மருத்துவமனையின் தரம் ஆகியவை காரணமாக இருக்கலாம். மிகக் குறைந்த தொகை சொன்ன இடத்தில் மயக்கம் கொடுப்பது யார், அவசரம் வந்தால் என்ன வசதி இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். செலவை வெட்டக் கூடாத இடம் அதுதான்.

காப்பீடு கிடைக்குமா?

அழகுக்காகச் செய்யும் லிஃப்டுக்குப் பொதுவாகக் கிடைக்காது. வலி, புண் போன்ற உடல் தொல்லைகளுக்காகச் செய்யும் குறைப்பு அறுவைக்கு, மருத்துவச் சான்று இருந்தால் சில திட்டங்களில் கிடைக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்கம் அறுவை ஆனவர்களுக்கு மறுபக்கத்தைச் சமப்படுத்தச் செய்யும் லிஃப்ட் வேறு கணக்கு. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. உங்கள் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறுவைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே இன்னொரு கேள்வி: அழகு அறுவையால் பின்னால் சிக்கல் வந்தால் அந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவார்களா? பல திட்டங்கள் தராது.

தவணை, தள்ளுபடி, வெளிநாட்டுப் பேக்கேஜ் எல்லாம் எப்படி?

தவணை தப்பில்லை; வட்டியும் நடைமுறைக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். "இந்த வாரத்துக்குள் பதிவு செய்தால் தள்ளுபடி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இது துணிக்கடை இல்லை. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் கழகம், அழகு அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் குறைந்தது இரண்டு வாரம் யோசிக்க இடம் தர வேண்டும் என்கிறது. நல்ல அளவுகோல்.

வெளிநாட்டில் செலவு குறைவாக இருக்கலாம். ஆனால் மூன்றாம் வாரம் தையல் பிரிந்தால் யார் பார்ப்பார்கள்? உள்ளூர் மருத்துவர்கள் இன்னொருவர் செய்த அறுவையைத் தொடத் தயங்குவார்கள். அறுவை முடிந்த கையோடு நீண்ட விமானப் பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் அபாயமும் கூடும். அங்கேயே கூடுதலாகத் தங்கும் நாட்களின் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், "குறைவு" என்று சொன்னது எவ்வளவு குறைவு என்று தெரியும்.

திருத்த அறுவை தேவைப்பட்டால் யார் பணம் கட்டுவது?

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலோர் அறுவைக்குப் பிறகுதான் கேட்கிறார்கள். வழக்கமான பதில்: "ஒரு வருடத்துக்குள் என்றால் என் கட்டணம் வேண்டாம்." கேட்க இதமாக இருக்கும். ஆனால் தியேட்டரும் மயக்க மருந்தும் உங்கள் கணக்கில்தான். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது செய்யலாம், எப்போது தள்ளிப்போட வேண்டும்?

இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் காத்திருங்கள். தடை ஒன்றும் இல்லை, ஆனால் அடுத்த கர்ப்பம் மறுபடி தோலை இழுத்துவிடும். பால் கொடுப்பதை நிறுத்தி மூன்று முதல் ஆறு மாதம் ஆக வேண்டும். எடை குறைத்துக்கொண்டிருந்தால், நினைத்த எடைக்கு வந்து ஆறு மாதமாவது அங்கேயே நின்ற பிறகு போகலாம்.

புகைப்பவர்கள் அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் நிறுத்த வேண்டும். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். நகர்த்தப்பட்ட காம்புக்கு இரத்தம் போகாவிட்டால் அந்தத் திசு செத்துப்போகலாம். நிகோடின் சூயிங்கமும், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் இதே கணக்கில்தான். நல்ல மருத்துவர்கள் இதில் சமரசம் செய்யமாட்டார்கள்.

கணவருக்கோ வேறு யாருக்கோ பிடிக்கவில்லை என்பதற்காக யோசிக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் பொறுங்கள். தழும்பு உங்கள் உடம்பில்தான் இருக்கும்.

பிறகு பால் கொடுக்க முடியுமா?

பலரால் முடிகிறது. காம்புக்கு அடியில் இருக்கும் சுரப்பியும் குழாய்களும் எவ்வளவு தொடாமல் விடப்படுகின்றன என்பதைப் பொறுத்தது அது. முழு அளவு பால் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. இது உங்களுக்கு முக்கியம் என்றால் முன்பே சொல்லுங்கள். மருத்துவர் முறையை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம்.

அறுவைக்குப் பிறகு எத்தனை நாள் படுக்க வேண்டும்?

படுத்தே கிடக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். அன்று மாலையே மெதுவாக நடக்கச் சொல்வார்கள். வலி முதல் சில நாட்கள் இருக்கும். கூரான வலி என்பதைவிட இறுக்கம், கனம் என்றுதான் பலர் சொல்கிறார்கள். இம்ப்ளாண்டை தசைக்கு அடியில் வைத்தால் வலி கூடும்.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒன்று முதல் இரண்டு வாரத்தில் திரும்பலாம். மல்லாந்துதான் தூங்க வேண்டும். குப்புறப் படுத்தே பழகியவர்களுக்கு இதுதான் பெரிய தண்டனை. குடத்தைத் தூக்குவது, குழந்தையை இடுப்பில் வைப்பது, ஓட்டம், ஜிம் எல்லாம் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, மருத்துவர் சரி என்ற பிறகு. சிறப்பு பிராவும் அதுவரை. உயரமான பரணில் இருக்கும் டப்பாக்களை அறுவைக்கு முன்பே கீழே இறக்கி வைத்துவிடுங்கள்.

வடிவம் அமர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முதல் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

தழும்பு மறையுமா?

மறையாது, மங்கும். முதல் மாதங்களில் சிவந்தோ கருத்தோ தடித்திருக்கும். ஒன்று முதல் ஒன்றரை வருடத்தில் மெலிந்து வெளிறும். கருத்த தோலில் தடித்த தழும்பும் கீலாய்டும் (காயத்தைத் தாண்டிக் கட்டியாக வளரும் தழும்பு) வரும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குக் கட்டியாகத் தடித்திருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள், சொன்னால் மட்டும் போதாது. காயம் மூடிய பிறகு சிலிக்கான் பட்டை உதவும். வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அறுவையில் நீங்கள் வடிவத்தை வாங்கித் தழும்பைக் கொடுக்கிறீர்கள். அந்தக் கொடுக்கல் வாங்கல் உங்களுக்குச் சம்மதமா என்பதுதான், தொகையைவிடப் பெரிய கேள்வி.

ஆபத்துகள் என்ன?

இரத்தக் கட்டு, தொற்று, காயம் ஆறத் தாமதம். நங்கூர வெட்டில் நேர்கோடும் கிடைக்கோடும் சந்திக்கும் முனையில் சின்னதாகப் பிரிவது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் கட்டு போட்டே ஆறிவிடும். காம்பின் உணர்வு குறையலாம், கூடலாம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்புவதில்லை. இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்காது. பிறவியிலேயே அப்படி இருப்பதில்லையே.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், காம்பு கறுத்தால், காய்ச்சலோ சீழோ வந்தால், கெண்டைக்கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், காலை வரை காத்திருக்க வேண்டாம். அன்று இரவே கூப்பிட ஓர் எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

மம்மோகிராமில் குழப்பம் வருமா?

உள்ளே தழும்பும், கொழுப்பு செத்துக் கட்டியான இடங்களும் படத்தில் தெரியலாம். அதனால்தான் வயதுக்கேற்ப அறுவைக்கு முன் ஒரு படமும், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்து இன்னொன்றும் எடுத்து ஒப்பிட வைத்துக்கொள்வது நல்லது. எப்போது எடுத்தாலும், அறுவை ஆகியிருக்கிறது என்று சொல்லுங்கள். லிஃப்டால் புற்றுநோய் வருவதில்லை.

பலன் எத்தனை வருடம் நிற்கும்?

பல வருடம் நிற்கும்; நிரந்தரம் இல்லை. தோலுக்கு வயதாவதை அறுவை நிறுத்தாது. எடை ஏறி இறங்காமல் இருந்தால் நீண்ட நாள் நிற்கும். செய்யாமல் இருந்திருந்தால் இருக்கும் நிலையைவிட எப்போதும் மேலேதான் இருக்கும்.

மருத்துவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையான பட்ட மேற்படிப்பும் பதிவும் இருக்கிறதா என்று உங்கள் நாட்டு மருத்துவக் கவுன்சில் பட்டியலில் பாருங்கள். "காஸ்மெடிக் நிபுணர்" என்று பலகை மாட்ட பல நாடுகளில் தனிப் படிப்பு தேவைப்படுவதில்லை. படங்கள் கேட்கும்போது, உங்களைப் போன்ற உடம்புக்குச் செய்ததையும், ஒரு வருடம் கழித்து எடுத்ததையும் கேளுங்கள். அறுவை முடிந்த மாதத்தில் எடுத்த படம் கடைசி வடிவத்தைக் காட்டாது. தழும்பு தெரியாத படங்களை மட்டும் காட்டுகிறவரிடம் தழும்பு தெரியும் படத்தைக் கேளுங்கள்.

முதல் ஆலோசனைக்கு எப்படித் தயாராவது?

சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் கொண்டுபோங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, கருத்தடை மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்ததா, இரத்தம் உறைந்த கதை உண்டா என்று அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டுக்கொண்டு போங்கள்.

மருத்துவர் மார்பை அளந்து, எந்த நிலைத் தொய்வு, எந்த வெட்டு, ஏன் என்று சொல்ல வேண்டும். அளக்காமல் தொகை சொன்னால் அந்தத் தொகையைப் பொருட்படுத்த வேண்டாம். கூடவே நம்பிக்கையான ஒருவரை அழைத்துப் போங்கள். சட்டையைக் கழற்றி நிற்கும் இடத்தில் பாதி பதில்கள் காதில் ஏறாது, அவர் எழுதிக்கொள்ளட்டும். முன்பணத்தை அன்றைக்குக் கட்ட வேண்டாம்.